ஈவ்லின் அக்காவின் தப்பு விலாசங்கள்

ஈவ்லின் அக்காவைப் பதினோரு வருடம் நான் திட்டியிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை என்று குறைத்துச் சொன்னாலும் ஐந்நூறைத் தாண்டும். அத்தனை திட்டும் ஒரே விஷயத்துக்காக. விலாசம்.

எங்கள் அலுவலகம் கிழக்குத் தாம்பரத்தில், ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது. காசநோய்க்காரர்களுக்கு உதவுகிற தொண்டு நிறுவனம். மாத்திரையை அரசாங்கம் இலவசமாகவே கொடுத்துவிடும். ஆனால் ஆறு மாதம் விடாமல் அதை விழுங்க வைப்பது யார்? இரண்டாவது மாதம் உடம்பு கொஞ்சம் தேறியதும், சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் நோய் முன்னைவிட முரட்டுத்தனமாகத் திரும்பி வரும். அதனால் வாராவாரம் வீடு தேடிப் போய், ஏழு நாள் மாத்திரை கொடுத்து, அன்றைய மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அட்டையில் தேதி போட்டு வருவதற்கு எங்களிடம் ஐந்து களப்பணியாளர்கள் இருந்தார்கள். மூத்தவர் ஈவ்லின் அக்கா. அவர்கள் கொண்டு வருவதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. என் பெயர் ஸ்ரீவித்யா, வீடு சிட்லபாக்கம், வாய் கொஞ்சம் நீளம் என்று என் கணவரே சொல்வார்.

மற்ற நாலு பேரும் ஒழுங்காகக் கதவு எண், தெரு, வார்டு என்று எழுதிக் கொண்டுவருவார்கள். ஈவ்லின் அக்கா எழுதுவது இப்படி இருக்கும்: ‘டிரான்ஸ்ஃபார்மர் எதிரில், இரும்புலியூர்.’ ‘தண்ணி டேங்க் பின்னால், கடப்பேரி.’ ஒரே டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிரில் ஆறு நோயாளிகள்!

“என்னக்கா இது, ஊர்ல இருக்கற பேஷண்ட் எல்லாம் கரண்ட் கம்பத்துலயா குடியிருக்காங்க?” என்பேன்.

“நான் போறேன்ல, எனக்கு வூடு தெரியும்ல. உனக்கு இன்னாத்துக்கு வித்யாம்மா பேஜாரு? போட்டுக்கோ,” என்று சிரித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாதக் கடைசியில் அறிக்கை அனுப்பும்போது மேலே உட்கார்ந்திருப்பவர்கள் என்னைத்தானே கேட்பார்கள்?

அவர் சும்மா எழுதவில்லை, வேண்டுமென்றே தப்பாக எழுதினார் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னவர் எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஜெபசீலன் சார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஈவ்லின் அக்கா முத்து முத்தான கையெழுத்தில் முழு விலாசம் எழுதுகிறவராம். ஒருநாள் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு யாரோ ஒரு சரிபார்ப்பு ஆள் பைக்கில் போயிருக்கிறான். பம்மலில் ஒரு தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, “இங்க டி.பி. பேஷண்ட் வீடு எது?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரித்தானாம். அந்த வீட்டுப் பெண்ணை மறுநாளே புருஷன் வீட்டார் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவள் மாத்திரையை விட்டுவிட்டாள். எட்டு மாதத்தில் செத்துப் போனாள்.

ஈவ்லின் அக்கா சாவுக்குப் போனாராம். திரும்பி வந்த அன்றிலிருந்து எந்த நோயாளியின் வீட்டையும் எழுதியதில்லை. இருபத்து மூன்று பேரோ முப்பது பேரோ, அத்தனை கதவும் அவர் தலைக்குள் இருந்தது.

இதைக் கேட்ட பிறகும் நான் திட்டுவதை நிறுத்தவில்லை. எனக்கு அறிக்கைதான் பெரிதாக இருந்தது. இப்போது நினைத்தால் என்னையே ஓர் அறை அறையலாம் போலிருக்கிறது.

ஈவ்லின் அக்கா கடப்பேரிக்காரர். வயது நாற்பத்தெட்டு. கல்யாணத்துக்கு முன்னால் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை பார்த்தவர். கணவர் சுவிசேஷமுத்து குரோம்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். ஒரே பெண் நர்சிங் மூன்றாம் வருடம். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற ஆறு நாளும் நடை. குதிகால் வலிக்கு ஒரு பக்கம் தேய்ந்த செருப்பையே காரணம் சொல்வார், புதுசு வாங்க மாட்டார்.

அந்த எக்ஸ்போர்ட் கம்பெனி அனுபவத்தை வைத்து அவர் ஒரு வேலை செய்தார். நோயை வீட்டாருக்குத் தெரியாமல் மறைக்க வேண்டியிருந்த பெண்கள் வீட்டுக்கு அவர் தொண்டு நிறுவன ஆளாகப் போவதில்லை. புடவைக்கு ஃபால்ஸ் தைத்து, ஓரம் பிகோ அடித்துக் கொடுக்கிற அம்மாவாகப் போவார். கையில் பெரிய கட்டைப்பை. வாரம் ஒரு புடவையை வாங்கிக்கொள்வார், அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுப்பார். மடித்த புடவைக்குள் ஏழு நாள் மாத்திரை இருக்கும். “இரும்மா, உயரம் சரியா கீதான்னு பாத்துடலாம்,” என்று நோயாளியை உள்ளறைக்குக் கூட்டிப் போவார். கதவு சாத்தியதும் மாத்திரை.

இதில் வேடிக்கை, அவருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. வாங்கிய புடவைகளை மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடையில் கொடுத்துத் தைத்து வாங்குவார். ஒரு மாமியார், “ஈவ்லின், உன் தையல்தான் கோணாம இருக்கு,” என்று பக்கத்து வீட்டுப் புடவைகளையும் சேர்த்துத் தந்துவிட, அக்கா இரண்டு கையிலும் பையோடு அலுவலகப் படியேறி வந்த கோலத்தைப் பார்த்து நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

“சிரிங்க, சிரிங்க. வேல போச்சுன்னா எனக்கு ஒரு தொழில் கீது,” என்றார்.

வேலை போனது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த நிதியை அங்கே ஒரே கையெழுத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. பிப்ரவரி மாதம். ஜெபசீலன் சார் எங்களை உட்காரவைத்து வாசித்தார். பாதியில் என்னிடம் நீட்டிவிட்டார், மீதியை நான் வாசித்தேன். எட்டுப் பேரில் ஏழு பேருக்கு மார்ச் மாதத்தோடு வேலை முடிகிறது. உள்ளூரில் திரட்டிய கொஞ்சம் பணத்தில் ஒரே ஒரு பதவி மட்டும் ஒரு வருடம் ஓடும். களப்பணி, கம்ப்யூட்டர் இரண்டையும் அந்த ஒருவரே பார்க்க வேண்டும்.

யாரும் அழவில்லை. டீ வாங்கி வந்தோம். கவுன்சலராக இருந்த அருள்மேரி, “பத்து வருஷம் மத்தவங்களுக்குத் தைரியம் சொன்னேன், எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லையே,” என்றாள். அவ்வளவுதான். பிறகு ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம், மார்ச் வரைக்கும் நோயாளிகள் இருந்தார்களே.

அந்த ஒரு பதவி ஈவ்லின் அக்காவுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. “கம்ப்யூட்டரை ஒரு மாசத்துல சொல்லிக் குடுத்துடலாம். வீட்டை எல்லாம் யார் சொல்லிக் குடுக்கறது?” என்றார் ஜெபசீலன் சார். கம்ப்யூட்டர் தெரிந்ததால் வரிசையில் அடுத்த ஆள் நான். என் பையன் பொத்தேரியில் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறான், கணவர் ஜெயகிருஷ்ணனுக்குப் போன வருடம்தான் கம்பெனி மாறியது. எனக்கும் அந்த வேலை வேண்டும்தான். ஆனால் ஈவ்லின் அக்கா இருக்கும்போது கை தூக்குகிற அளவுக்கு நான் மோசமில்லை.

ஒரே ஒரு சடங்கு பாக்கி இருந்தது. பதவி கொடுக்கப் போகிறவரின் நோயாளிகளில் நாலு பேரைத் தலைமை அலுவலகத்து ஆள் குலுக்கல் முறையில் எடுத்து, நேரில் பார்த்து, ‘இருக்கிறார்’ என்று குறிக்க வேண்டும். நாட்டில் சில இடங்களில் இல்லாத நோயாளிக்கு இருப்பதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்களாம், அதனால் இந்த விதி. வந்தவர் பெயர் சத்யநாராயணன். நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். ஷூவைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

நாலில் மூன்று பேரை ஈவ்லின் அக்கா போன் செய்து சம்மதம் கேட்டு, தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்துக்குக் கீழேயும் பஸ் ஸ்டாண்டிலும் காட்டிவிட்டார். நாலாவது பெயர் சினேகா. விலாசம்: டிரான்ஸ்ஃபார்மர் எதிரில்.

“இந்தப் பொண்ண மட்டும் காட்ட முடியாது சார்,” என்றார் அக்கா.

“ஏம்மா?”

“கல்யாணம் கட்டினு வந்து எட்டு மாசம் ஆவுது. கழுத்துல கட்டி. அது யாருக்கும் ஒட்டாத டி.பி., உங்களுக்கே தெரியும். ஆனா அந்த வூட்ல சொன்னா கேக்க மாட்டாங்க சார். புருஷனுக்கும் தெரியாது. போனு மாமியார் கையில கீது. தனியா கடைக்குப் போயிட்டு வந்தாகூட எங்க போன, யாரப் பாத்தன்னு கேள்வி. இன்னும் ரெண்டு மாசம் மாத்திர பாக்கி கீது.”

“நான் வீட்டுக்குள்ள வர மாட்டேம்மா. தெருவுல நின்னு பார்த்துக்கறேன்.”

“நீங்க அடையாள அட்ட மாட்டிக்கினு அந்தத் தெருவுல நின்னா போதும் சார். ஒருத்தரும் ஒண்ணும் கேக்க வேணாம்.”

அவர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். “இப்ப?”

“அப்பவும் வேணாம் சார்,” என்றார் அக்கா.

சினேகாவின் மாத்திரை அட்டையில் நாலு மாதத்துத் தேதியும் சரியாக இருப்பதை எடுத்துக் காட்டினார். அதில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே என்றார் சத்யநாராயணன். “நான் உங்களை நம்பறேன். ஆனா நம்பறேன்னு எழுத ஃபார்ம்ல இடம் இல்லம்மா. பார்த்தேன், பார்க்கலை, ரெண்டுதான் இருக்கு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருப்பேன்.”

அவர் போனதும் நான் அக்காவைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“உங்களுக்குப் பைத்தியமா? பத்து நிமிஷம். கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வரச் சொல்லுங்களேன். நீங்க கேட்டா அந்தப் பொண்ணு வராதா?”

“வந்துடும்.”

“அப்புறம் என்ன?”

“கேட்டா வந்துடும் வித்யாம்மா. எனக்கோசரம் எப்டியாவது பொய் சொல்லிட்டு ஓடியாந்துடும். மாட்டிக்கினா அது வாழ்க்க போச்சு. அதனாலதான் கேக்க மாட்டேன்.”

“உங்க பொண்ணு படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கு.”

“எனக்குத் தெரியாதா?” என்றார். முதல் தடவையாக அவர் குரலில் கோபம் இருந்தது. பிறகு தணிந்து, “ஒருத்திய எழுதி வெச்சு அனுப்பிட்டேன். போதும்,” என்றார்.

கீழே பல் டாக்டரிடம் வந்த ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மறுநாள் மத்தியானம் சத்யநாராயணன் சார் படிவத்தில் ‘பார்க்கவில்லை’ என்று குறித்தார். குறித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவர் குறைந்தாலும் அந்த ஆள் தகுதி இழந்துவிடுவார் என்பது விதி. அடுத்து என்னைக் கூப்பிட்டார், எனக்கென்று நோயாளிகள் இல்லாததால் நேரில் பார்க்கிற விதி எனக்குப் பொருந்தாது. அப்போது என் நெஞ்சுக்குள் ஓரமாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது, பொய் சொல்ல மாட்டேன். அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லலாமா என்று ஜெபசீலன் சாரிடம் கேட்டேன். “நீ வேண்டாம்னா பதவியையே எடுத்துடுவாங்க. பேஷண்டுக்கு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க,” என்றார். கையெழுத்துப் போட்டேன்.

ஈவ்லின் அக்கா என்னிடம் முகம் சுளிக்கவே இல்லை. சுளித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசி வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, இங்கே திரும்பு, அங்கே நிறுத்து என்று மூன்று நாள் சுற்றினோம். கடப்பேரி, இரும்புலியூர், திருநீர்மலை ரோடு, பம்மல். இருபத்து மூன்று வீடு. மற்ற நாலு பேரின் நோயாளிகளுக்குத்தான் ஒழுங்கான விலாசம் இருந்ததே. முதல் வீட்டு வாசலில் நான் பழக்க தோஷத்தில் நோட்டைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து மூடிவிட்டார்.

“எழுதாத.”

“எனக்கு ஞாபகம் இருக்காதுக்கா.”

“இருக்கும். மொதல்ல ஆளப் பாரு, அப்பறம் வூடு தானா ஞாபகம் வரும். இந்த அம்மாவுக்கு மாத்திர சாப்ட்டா கொமட்டும், அதனால வாசல்ல எலுமிச்ச செடி வெச்சிருக்காங்க, பாத்தியா? அந்தப் பச்ச கேட்டு அண்ணன் நைட் ஷிப்ட்டு, பத்து மணிக்கு முன்னாடி தட்டாத, கத்துவாரு. அந்த மூலையில கீற தாத்தாவுக்குக் காது கேக்காது, ஆனா வெளிய யாரும் கத்திப் பேசக்கூடாது. கிட்டப் போயி காதாண்ட சொல்லு.”

இப்படியே இருபத்து மூன்று கதவு. மூன்றாம் நாள் ராத்திரி படுத்துக்கொண்டு கண்ணை மூடி ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பார்த்தேன். பத்தொன்பது வந்தது. மறுநாள் மீதி நாலையும் திரும்பக் காட்டினார். சலித்துக்கொள்ளவில்லை.

சினேகா வீட்டுக்கு மட்டும் கடைசி முறையாக அவர் தனியாகப் போனார். நான் தெருமுனை டீக்கடையில் வண்டியோடு நின்றேன். கால் மணி நேரம் கழித்து வந்தார். “சொல்லிட்டேன். அடுத்த வாரத்துலேந்து என் தங்கச்சி வருவான்னு சொல்லிக்கீறேன். நீதான் தங்கச்சி,” என்றார்.

“வேலை போனதைச் சொன்னீங்களா?”

“அத ஏன் அதுங்கிட்ட சொல்லினு? வண்டிய எடு,” என்றார்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அலுவலகத்து அடையாள அட்டை, சிம் கார்டு இரண்டையும் ஈவ்லின் அக்கா என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஏப்ரலில் பெருங்களத்தூரில் ஒரு ஸ்வீட் கடையின் பேக்கிங் கூடத்தில் சேர்ந்துவிட்டார் என்று சுவிசேஷமுத்து அண்ணன் சொன்னார். காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை நின்றுகொண்டே செய்கிற வேலை. குதிகால் வலியோடு.

நான் ஏப்ரல் முதல் திங்கட்கிழமை கட்டைப்பையும் புடவையுமாக சினேகா வீட்டு வாசலில் நின்றேன். பதினோரு வருடம் ஒரு எழுத்துத் தப்பில்லாமல் தட்டெழுதியவள், அன்றைக்கு வாயைத் திறந்தாலே பொய் என்கிற நிலைமை. மாமியார் சாவித்ரி அம்மா கதவைத் திறந்தார். வாட்டசாட்டமான அம்மாள், கையில் முருங்கைக்கீரைக் கட்டு.

“ஈவ்லின் தங்கச்சியா? உங்க அக்கா ஜாடையே இல்லியே.”

“நான் எங்கப்பா மாதிரிம்மா,” என்றேன். எங்கிருந்து வந்ததோ.

“போன வாரம் குடுத்த பொடவ கொண்டாந்தியா? அக்கா மாதிரி நேரா அடிச்சிருக்கியா பாப்போம்.” புடவையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓரத்தைப் பார்த்தார். மாத்திரை பையிலிருந்த பச்சைப் புடவையின் மடிப்பில் இருந்தது, அடுத்து அதையும் பிரிக்கக் கேட்பாரோ என்று, “அந்தப் பச்சைக்கு உயரம் பார்க்கணும்மா,” என்றேன். “பரவால்ல,” என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போனார். “சினேகா, அந்தப் பச்சப் பொடவைக்கு உயரம் பாக்கணுமாம், வா.”

உள்ளறையில் கதவைச் சாத்தினோம். இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். விலக்கிக் காட்டினாள். கட்டி வற்றி, தழும்பு மாதிரி ஒரு தடிப்புத்தான் மிச்சம். மாத்திரையைக் கொடுத்தேன். சத்தம் வராமல் தண்ணீர் குடித்து விழுங்கினாள். மீதி ஆறு நாளுக்கு உள்ளதை ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு மூடினாள். அட்டையில் தேதி போட்டேன்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்தாள்.

“ஈவ்லின் அக்கா எப்டி கீறாங்க?” ரகசியக் குரல். “நீங்க வருவீங்கன்னு சொன்னப்போ நான் அழுதுட்டேன். அதுக்கப்பறந்தான் விஷயத்தச் சொன்னாங்க.”

“என்ன விஷயம்?”

“ப்ரமோஷன்தான். ஆபீசருங்க நேர்ல வந்து எல்லாம் செக் பண்ணிட்டு, உன்ன மாதிரி ஆளு யாருமே இல்லன்னு சொல்லி, செங்கல்பட்டுல பெரிய ஆபீஸ்ல போட்டுட்டாங்களாமே. இனிமே வெயில்ல நடக்க வேணாம், ஒக்காந்து பாக்கற வேலன்னு சிரிச்சாங்க. எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. என்னாலதான் அவங்களுக்கு ரொம்பக் கஷ்டம். எத்தினி வாட்டி எனக்காக வாசல்ல மணிக்கணக்குல நின்னிருக்காங்க தெரியுமா?” அவள் என் முகத்தையே பார்த்தாள். “நெசமாவே நல்லா இருக்காங்கல்ல?”

எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் சாவித்ரி அம்மா இருந்தார்.

“ரொம்ப நல்லா இருக்காங்க,” என்றேன். “நேத்து போன்ல பேசினாங்க. ஃபேனுக்குக் கீழயே சீட்டு போட்டுக் குடுத்திருக்காங்களாம்.”

“அப்பாடா,” என்றாள் சினேகா.